சதுப்பைத் திரையில் மூடிப் பார்த்தால்

சுவிட்சர்லாந்தில் எந்தக் காடு அடிவாரத்து ஊரைக் காக்கிறது என்பதைக் கணினியில்தான் கண்டுபிடிக்கிறார்கள். திரையில் மலையை எழுப்பி, உச்சியிலிருந்து பாறைகளை உருட்டிவிடுகிறார்கள். மரத்தில் முட்டி நின்றது எத்தனை, தப்பி வீடுவரை வந்தது எத்தனை என்று எண்ணுகிறார்கள். பிறகு மரங்களை எடுத்துவிட்டு அதே பாறைகளை மறுபடி உருட்டுகிறார்கள். பாறை, பனிச்சரிவு, மண்சரிவு எல்லாம் சேர்த்து, அந்நாட்டுக் காடுகளில் ஏறக்குறைய பாதி காவல்காடு.

தென்சென்னையில் உருண்டு வருவது தண்ணீர். 2015 டிசம்பர் 1 மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. அந்தப் பக்கத்து வெள்ளம் செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஏரிக்கு ஏரி வழிந்து கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புக்குத்தான் வரும். அந்த வெள்ளத்துக்குப் பிறகு உருவான ‘சி-ஃப்ளோஸ்’ என்ற வெள்ள எச்சரிக்கை மாதிரியை இயக்கும் தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் இருப்பதும் பள்ளிக்கரணையில்தான், பொருத்தமான முகவரி!

இத்தகைய மாதிரியில் ஊர் சின்னச் சின்னக் கட்டங்களாகிறது. ஒவ்வொன்றுக்கும் தரை உயரம் உண்டு. ஒரு கட்டத்தில் நீர்மட்டம் ஏறினால் தாழ்ந்த பக்கத்துக் கட்டத்துக்குப் பாயும். தார்ச்சாலையில் ஓடும், சம்பும் கோரையும் மண்டிய இடத்தில் தட்டுத்தடுமாறி நகரும். கிழக்கு ஓரத்தில் கடலையும் சேர்க்க வேண்டும். ஓதம் ஏறியிருக்கும்போது ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகும் நீர் சுணங்கும். கடல் வழிவிடும்வரை அது எங்கேயாவது காத்திருக்க வேண்டுமே!

அது காத்திருக்கும் இடம் சதுப்பு. எவ்வளவு நீர்? உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்பின் பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். அதன்மேல் ஒரு மீட்டர் நீர் நின்றாலே ஏறக்குறைய 44 கோடி கன அடி. செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்கு. திரையில் சதுப்பின் கட்டங்களை மண் கொட்டியதுபோல் உயர்த்திவிட்டு அதே மழையைப் பெய்யவிட்டால், இந்த நீர் வேளச்சேரியிலும் நாராயணபுரத்திலும் வீட்டுக் கட்டங்களைத் தேடிப் போகும். சதுப்பு செய்யும் வேலையை இதைவிட நேராகக் காட்டும் வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கணினிக்குக் கொடுத்ததுதான் தெரியும். வரைபடத்தில் தாராளமாகத் திறந்திருக்கும் கல்வெர்ட்டு, நேரில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அடைத்துப் பாதியாகச் சுருங்கியிருக்கலாம். ஐப்பசிக்கு முன்னால் ஒருவர் டேப்போடு இறங்கி அதை அளந்தே ஆக வேண்டும்.