பன்னிரண்டு புளியங்கொட்டையும் ஒரு பாடும்

நான்கு பேர் வட்டமாக உட்காருங்கள். நடுவில் ஒரு தட்டில் 12 புளியங்கொட்டை. அதுதான் ஏரி, கொட்டைகள் இறால். ‘எடு’ என்றதும் ஆளாளுக்கு வேண்டிய அளவு அள்ளலாம். தட்டில் மிச்சம் இருப்பது அடுத்த சுற்றுக்குள் இரண்டு மடங்காகும். ஆனால் 12-ஐத் தாண்டாது. யாரும் பேசக் கூடாது.

பெரும்பாலும் முதல் சுற்றிலேயே தட்டு காலியாகிவிடும், பாருங்கள். ஏரி முடிந்தது. மொத்த வரவு 12.

பேராசைக்காரர்கள் என்று உங்களை யாரும் திட்ட வேண்டாம். ‘நான் விட்டு வைத்தால் பக்கத்தில் இருப்பவன் எடுத்துவிடுவான்’ என்று உங்களுக்குத் தோன்றியது; அது சரியான கணக்குதான். உங்களை அள்ளத் தூண்டியது ஆட்டத்தின் விதி.

இப்போது விதியை மாற்றுங்கள். இனி பேசலாம். ஒரு சுற்றுக்கு ஒருவர்தான் எடுக்கலாம், அதுவும் 6 கொட்டை மட்டும். சுற்றி வந்து அவர் முறை மறுபடி வரும். 6 எடுத்தால் மீதி 6. அது மறுபடி 12 ஆகிவிடும். எட்டுச் சுற்றில் ஆளுக்கு இரண்டு முறை. மொத்த வரவு 48! அதே தட்டு, அதே நீங்கள். யாராவது ஏழாவது கொட்டையைத் தொட்டால் முதலில் கத்துவது யார்? அடுத்த முறைக்குக் காத்திருப்பவர்தான். காவலுக்குத் தனி ஆள் தேவையே இல்லை.

பொன்னேரி வட்டத்துக் காட்டூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்காது. பழவேற்காடு ஏரியில் பரம்பரையாக இருந்துவரும் ‘பாடு’ முறையும் இதைப் போன்றதுதான். இறால் கடலில் பிறக்கும். குஞ்சாக ஏரிக்குள் வந்து உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் வளரும். வளர்ந்ததும், தண்ணீர் வடியும் வற்றத்தோடு கடலுக்குத் திரும்பும். அது போகும் வழியில், முகத்துவாரப் பக்கமாகக் கழி நட்டு வலை கட்டினால் நல்ல பிடிப்பு. ஆனால் அப்படிப்பட்ட இடங்கள் சிலதான். முந்துகிறவருக்கே இடம் என்று விட்டால் தினமும் அடிதடிதான். அதனால் சீட்டுப் போட்டு, இன்று உனக்கு, நாளை எனக்கு என்று முறை வைத்துக்கொண்டார்கள். இன்று மோசமான இடம் கிடைத்தவருக்கு இன்னொரு நாள் நல்ல இடம் வரும். பிறகு ஏன் சண்டை?

துருக்கியின் அலன்யா ஊர் மீனவர்களும் இப்படிச் சீட்டுப் போட்டு, தினமும் ஓர் இடம் தள்ளிப் போய்வந்தார்கள். பொதுச்சொத்தைத் தாங்களே காக்கும் இத்தகைய ஊர்களை ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

பாடு முறையில் ஒரு பெரிய குறையும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஏரியை நம்பி வாழும் எல்லாருக்கும் பாடு கிடைத்ததில்லை. குறிப்பிட்ட சில குப்பங்களுக்கு மட்டுமே அந்த உரிமை. ஏற்றுமதியால் இறாலுக்கு நல்ல விலை வந்ததும் மற்றவர்களும் வலையோடு இறங்கினார்கள், தகராறு வந்தது. ஆட்டத்தில் ஐந்தாவதாக ஒருவரை உட்காரவைத்து, ‘உனக்கு மட்டும் முறை கிடையாது’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் எதற்காக விதியை மதிக்க வேண்டும்? மதிக்க மாட்டார், நானாக இருந்தாலும் மதிக்க மாட்டேன். முறை என்று ஒன்று வைத்தால், அந்தத் தண்ணீரை நம்பி இருக்கும் எல்லாருக்கும் அதில் இடம் வேண்டும்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். ஆறு என்ற வரம்பை எடுத்துவிட்டு, முறையை மட்டும் வைத்துக்கொண்டு விளையாடுங்கள். ஒரு தடவை ‘இதுதான் கடைசிச் சுற்று’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொரு தடவை சொல்லாமலே ஆடி, திடீரென்று நிறுத்துங்கள். இரண்டு தடவையும் கடைசியில் தட்டில் எத்தனை கொட்டை மிஞ்சியது, ஏன் அப்படி ஆயிற்று என்று எங்களுக்கு எழுதுங்கள்.