மனநோய் மாத்திரை: நீங்களாக நிறுத்தாதீர்கள்!

எங்கள் தாயில்பட்டிப் பக்கம் 'மருந்து' என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று நோய்க்குச் சாப்பிடுவது. இன்னொன்று பட்டாசுக்குள் செலுத்துவது. பட்டாசு மருந்தை இஷ்டத்துக்கு அளவு மாற்றிக் கலந்தால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் மனநோய்க்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மட்டும், "இப்போ நல்லாத்தானே இருக்கான், போதும்" என்று வீட்டிலேயே முடிவு செய்து நிறுத்திவிடுகிறார்கள்!

நிறுத்திவிட்டு அடுத்து வருவது பெரும்பாலும் எங்களைப் போன்ற சித்த மருத்துவர்களிடம்தான். "அய்யா, இங்கிலீஷ் மருந்து சூடு. நீங்க ஒரு சூரணம் குடுத்தா அதை விட்டுடலாம்" என்பார்கள். சித்த மருத்துவன் என்ற முறையிலேயே சொல்கிறேன், அதை விடாதீர்கள்.

இது என்ன மாத்திரை?

காதில் யாரோ பேசுவது போலக் கேட்கும். ஊரே தனக்கு எதிராகச் சதி செய்வதாகத் தோன்றும். தூக்கம் போய்விடும். இப்படிப்பட்ட மனக்கோளாறுகளைச் சித்த நூல்கள் 'கிரிகை' என்று பெயரிட்டு, பதினெட்டு வகையாகப் பிரித்து நோய் வரிசையில் வைத்திருக்கின்றன.

இதற்கான முதல் நவீன மருந்து குளோர்புரோமசின். 1952-ல் பிரான்சில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், குளோசபின் என்று பல வந்துவிட்டன. மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேகத்தை இவை மட்டுப்படுத்துகின்றன. தூக்கமும் அமைதியும் சில நாளில் வரும். ஆனால் சந்தேகமும் குரல்களும் அடங்க நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம். "பத்து நாள் சாப்பிட்டும் கேக்கலையே" என்று அவசரப்படக் கூடாது.

நிறுத்தினால் என்ன?

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். மாத்திரையை நிறுத்திய மறுநாளே நோய் திரும்புவதில்லை. தூக்கச் சடவு குறையும், உடம்பு லேசாகும். "பாத்தீங்களா, மாத்திரைதான் அவனை மந்தமாக்கிச்சு" என்பார்கள். அந்த நேரத்தில் ஒரு சூரணமோ, மந்திரித்த கயிறோ கொடுத்திருந்தால் பெயர் அதற்குப் போய்விடும். சில வாரமோ சில மாதமோ கழித்து நோய் மறுபடி கிளம்பும். முன்பு கேட்ட அளவுக்கு மாத்திரை பிறகு கேட்காமலும் போகலாம்.

முதல் முறை வந்த நோய் என்றாலும், குணமான பிறகும் ஒன்றிரண்டு வருஷமாவது மாத்திரை தேவைப்படும். நிறுத்துவதென்றால் டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக விழுங்க வேண்டாம். தினமும் சாப்பிட மறுப்பவர்களுக்கு மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை போடும் ஊசியும் இருக்கிறது. சோற்றில் ஒளித்துக் கொடுப்பதைவிட டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றிக் கேளுங்கள். ஒளித்தது தெரிந்தால், ஏற்கெனவே சந்தேகத்தில் இருப்பவர் சாப்பாட்டையே தொட மாட்டார்!

நாட்டு மருந்து கலக்கலாமா?

சர்ப்பகந்தா வேர் நம் நாட்டில் தலைமுறைகளாக மனக்கோளாறுக்குக் கொடுத்து வந்ததுதான். அதிலிருந்து ரிசர்பின் என்ற சத்தை 1952-ல் பிரித்தார்கள். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், மனச்சோர்வையும் தரும். மாத்திரையோடு சேர்ந்தால் மயங்கி விழ வைக்கும். சில லேகியங்களில் கஞ்சா சேர்வதுண்டு. அது இந்த நோயைக் கிளறிவிடும். பேதிக்குக் கொடுப்பதும் வேண்டாம், நீர்ச்சத்து வற்றிவிடும். எந்தக் கைமருந்தானாலும் இரண்டு வைத்தியருக்கும் தெரிய வேண்டும். சாராயம் கூடவே கூடாது. பீடிப் புகை ஓலன்சபின், குளோசபின் மருந்துகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். பீடியைத் திடீரென்று விட்டால் அளவு ஏறும். விடுவது நல்லதுதான், டாக்டரிடம் சொல்லிவிட்டு விடுங்கள்.

பேய் அல்ல, பக்க விளைவு!

மாத்திரை ஆரம்பித்த சில நாளில் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், கண் மேலே செருகும். பார்ப்பவர்கள் 'சாமி வந்திருக்கு' என்பார்கள். இது மருந்தின் விளைவு. ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டால் பெரும்பாலும் சில நிமிஷத்தில் சரியாகும்.

கை நடுக்கம், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, வாய் தானாக மெல்லுவது, எடை கூடுவது ஆகியவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். அவ்வப்போது சர்க்கரை பார்க்க வேண்டும். குளோசபின் என்றால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தத்தில் வெள்ளையணுப் பரிசோதனை அவசியம். கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்து நினைவு தடுமாறினால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கர்ப்பிணிகளும் தாங்களாக நிறுத்தாமல் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

வேலையும் வெயிலும்

இந்த மாத்திரைகளில் சில வியர்வையைக் குறைத்து உடம்புச் சூட்டை ஏற்றும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் தண்ணீரும் மோரும் நிறையக் குடியுங்கள், தகர ஷெட்டில் அடைந்து கிடக்காதீர்கள். தூக்கக் கலக்கமோ கை நடுக்கமோ இருக்கும்வரை மணி மருந்து கலப்பது, செலுத்துவது வேண்டவே வேண்டாம். ஒரு உராய்வு போதும்! மருந்து அறைக்குத் தள்ளி, குழாய் உருட்டுவது, பெட்டி ஒட்டுவது போன்ற காகித வேலை கேட்டு வாங்குங்கள்.

சங்கிலி வேண்டாம்

பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்கிறது. தர்காவுக்கோ கோயிலுக்கோ போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரைச் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

அரசு மனநல மருத்துவப் பிரிவுகளில் இந்த மாத்திரைகள் இலவசம். சந்தேகம் வந்தால் 'டெலி மனஸ்' இலவசத் தொலைபேசி 14416-ல் தமிழிலேயே கேட்கலாம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வருஷக் கணக்கில் மாத்திரை சாப்பிட யாரும் வெட்கப்படுவதில்லை. இதற்கும் வெட்கம் வேண்டாமே!