100 கிலோ காபிப் பழம்... 14 கிலோ தூள்தான்! மீதி எங்கே போகுது? ஏற்காடு சொல்லும் லாபக் கணக்கு

ஏற்காடு போனவங்களுக்குத் தெரியும். ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் கடைகளில் மிளகும் காபித்தூளும் பாக்கெட் பாக்கெட்டாக இருக்கும். அந்தத் தூளுக்காக எவ்வளவு பழம் பறிக்கணும் தெரியுமா?

சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் கொண்டு வந்தார். இங்கே முக்கியமாக விளைவது அராபிகா. சுமார் 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ கொட்டைதான் கிடைக்கும். 100 கிலோ பழம் என்றால் 16, 17 கிலோ கொட்டை. வறுக்கும்போது இன்னும் 15 முதல் 20 சதவீதம் எடை குறையும். கடைசியில் தேறுவது 14 கிலோ தூள்!

மீதி 86 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். அது போகத்தான் செய்யும். ஆனால், போகக்கூடாததும் சேர்ந்து போகிறது. அங்கேதான் லாபம் ஒளிஞ்சிருக்கு.

வேஸ்ட் குறைந்தால் லாபம் எவ்வளவு கூடும்?

ஒரு சின்ன கணக்கு. 100 ரூபாய்க்கு விற்பனை, 90 ரூபாய் செலவு, 10 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். வேஸ்ட்டில் 2 ரூபாய் மிச்சமானால் லாபம் 12 ரூபாய். அதாவது 20 சதவீதம் அதிகம். இதே 2 ரூபாயை விற்பனை மூலம் சம்பாதிக்க, 120 ரூபாய்க்கு விற்றாகணும்.

ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் தாய்ச்சி ஓனோ, விரயத்தை 7 வகையாகப் பிரித்தார். காத்திருப்பு, குறைபாடுள்ள பொருள், தேவைக்கு மேல் செய்யும் வேலை எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. குப்பையில் விழுவது மட்டும் வேஸ்ட் இல்லை. காபித் தோட்டத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

காசு கரையும் 4 இடங்கள்

1. பறிப்பு: கூலி மிச்சம் என்று காயையும் பழத்தையும் சேர்த்து உருவினால், காய்க்கொட்டை வறுத்தாலும் வெளுத்தே நிற்கும். ருசியைக் கெடுக்கும், விலையும் குறையும். பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்கணும்.

2. காத்திருப்பு: மூட்டையில் கிடக்கும் பழம் சூடாகிப் புளிக்கத் தொடங்கிவிடும். பறித்த அன்றே தோல் நீக்கும் பல்பர் மெஷினில் போட்டாகணும்.

3. மெஷின்: பல்பரின் இடைவெளி சரியாக இல்லாவிட்டால் கொட்டை வெட்டுப்படும். நேற்றைய கொட்டை நாலு மெஷினிலோ தொட்டியிலோ சிக்கி அழுகினாலும் ஆபத்து. அந்த நாற்றமடிக்கும் கொட்டை சிலது கலந்தாலே மொத்த சரக்கின் வாசனையும் போச்சு. தினமும் கழுவுவதற்குச் செலவு அரை மணி நேரம்தான்.

4. உலர்களம்: தோல் நீக்கிய அராபிகாவை 10 சதவீத ஈரப்பதம் வரை காயவைப்பது வழக்கம். குறைவாகக் காய்ந்தால் பூஞ்சை. அதிகம் காய்ந்தால்? 10 சதவீதத்தில் 100 கிலோ இருந்த சரக்கு, 8 சதவீதத்துக்கு வந்தால் 97.8 கிலோ ஆகிவிடும். வெயிலில் கூடுதலாக விட்டதற்கே 2 கிலோவுக்கு மேல் எடை காலி! ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் இதைத் தடுக்கும்.

சரி, தோலை என்ன செய்வது?

பழத்தின் எடையில் சுமார் 40 சதவீதம் தோலும் சதையும்தான். இதைக் குவித்து மட்க வைத்தால் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் உள்ள உரம். அதே செடிக்குத் திரும்பப் போடலாம், உரச் செலவு குறையும். கொட்டையின் மேல் இருக்கும் உலர்ந்த உமி, எரிபொருளாகும்.

கழுவிய தண்ணீர்தான் பெரிய பிரச்னை. ஓடையில் விட்டால் அதிலுள்ள சர்க்கரையும் சதையும் அழுகி, தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சிவிடும். மலையில் இருந்து இறங்கும் ஓடை கீழே யாருக்கோ குடிநீர். தண்ணீரைக் குறைவாக எடுக்கும் பல்பர் வைத்தால், நீர் இறைக்கும் செலவும் கழிவுநீரும் சேர்ந்தே குறையும்.

இன்னொரு வழியும் இருக்கு. ஏமனில் காய்ந்த காபித் தோலைக் கொதிக்க வைத்து 'கிஷ்ர்' என்று குடிக்கிறார்கள். மேலை நாடுகளில் இதற்கு 'கஸ்காரா' என்று பெயர். 2022-ல் ஐரோப்பிய யூனியனும் இதை விற்க அனுமதித்தது. ஆனால், குழியில் கிடந்த தோல் இதற்கு உதவாது. பழுத்த பழத்தின் தோலை, உடனே சுத்தமாகக் காயவைக்கணும்.

எதில் தொடங்கலாம்?

தோலை விற்பது இரண்டாவது வேலை. நல்ல கொட்டை கெடாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. ஏனென்றால், கெட்டுப்போன கொட்டைக்கும் பறிப்புக் கூலி, தண்ணீர், கரண்ட் எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டது.

அதற்குத் தேவை ஒரு தராசும் ஒரு நோட்டும். பறித்தது எத்தனை கிலோ, பல்பரில் போட்டது எத்தனை, காய்ந்தது எத்தனை, விற்றது எத்தனை என்று தினமும் எழுதுங்க. எந்த இடத்தில் எடை வழக்கத்தைவிட அதிகமாகக் குறைகிறதோ, அங்கேதான் உங்க காசு போகுது. காபித் தோட்டமோ, மாவு மில்லோ, முறுக்குக் கம்பெனியோ... கணக்கு ஒண்ணுதான்!