அரசவை ஹெரால்டுகளைக் கோர்ட் பதிவேட்டில் தேடலாம்!

இண்டர்நெட் இணைப்பு வாங்கியாகிவிட்டது. ஈமெயில், பாட்டு, சினிமா எல்லாம் பார்த்தாகிவிட்டது. அடுத்து என்ன என்று யோசிக்கிறீர்களா? 600 ஆண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்துக் கோர்ட் பதிவேடுகளை உங்கள் வீட்டு மானிட்டரில் இலவசமாகப் புரட்டிப் பார்க்கலாம்.

நான் மென்பொருள் பொறியாளன். லாக் ஃபைல்களைப் படித்து, என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பது என் தினசரி வேலை. ஓய்வு நேரத்தில் அதே முறையில் நான் தேடுவது ஹெரால்டுகளை.

யார் இந்த ஹெரால்டுகள்?

அரசரின் அறிவிப்பை முழங்குவது, தூது போவது, எந்தக் குடும்பத்துக்கு எந்தக் கேடயச் சின்னம் என்று கணக்கு வைப்பது இவர்கள் வேலை. பர்சிவன்ட், ஹெரால்டு, கிங் ஆஃப் ஆர்ம்ஸ் என்று மூன்று படிகள். 1415 வாக்கில் ஐந்தாம் ஹென்றி, ‘கார்ட்டர்’ என்ற தலைமைப் பதவியை உருவாக்கி வில்லியம் புரூஜஸ் என்பவருக்குக் கொடுத்தார். 1484-ல் மூன்றாம் ரிச்சர்டு அளித்த சாசனத்தால் இவர்களுக்கென்று ‘காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்’ அமைப்பு பிறந்தது.

இவர்களைத் தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. பதவி மாறினால் அழைக்கும் பெயரும் மாறிவிடும். ஒரே லாகின் பெயரை அடுத்தடுத்துப் பலர் பயன்படுத்துவது போலத்தான். ஜான் ரைத் 1477-ல் ‘நோராய்’, 1478-ல் ‘கார்ட்டர்’. அவர் மகன் தாமஸ் ‘வாலிங்ஃபோர்டு’ என்ற பர்சிவன்டாகத் தொடங்கி 1505-ல் ‘கார்ட்டர்’ ஆனார். குடும்பப் பெயரையும் ரையாத்ஸ்லி என்று மாற்றிக்கொண்டார்! ஒரே பெயரில் தேடினால் பாதி வாழ்க்கை தப்பிவிடும்.

கை கொடுக்கும் சட்டம்

1413-ல் ஒரு சட்டம் வந்தது. கடன் வழக்கு போன்றவற்றில் பிரதிவாதியின் பெயரோடு அவர் தொழில் அல்லது அந்தஸ்து, ஊர் ஆகியவற்றையும் எழுத வேண்டும் என்றது. டேட்டாபேஸில் புதிதாக இரண்டு காலம் சேர்த்தது போல! அதனால்தான் ‘லண்டன், ஹெரால்டு’ என்ற அடையாளத்தோடு இவர்கள் சிக்குகிறார்கள். வழக்குத் தொடுத்தவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. எனவே ஹெரால்டு வாதியாக இருந்தால் வெறும் பெயர் மட்டுமே இருக்கலாம்.

எப்படித் தேடுவது?

1. ‘ஆங்கிலோ அமெரிக்கன் லீகல் ட்ரெடிஷன்’ என்று தேடுங்கள். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் இணையதளம் இது. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துப் பதிவேடுகளின் படங்கள் லட்சக்கணக்கில் உள்ளன.

2. ‘சி.பி. 40’ வரிசைக்குப் போங்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்த காமன் ப்ளீஸ் கோர்ட்டின் தோல் சுருள்கள் இவை. ஆண்டுக்கு நான்கு பருவங்கள். ஆண்டுகள் அரசர் பட்டமேற்ற நாளிலிருந்து கணக்கிடப்படும். ஆறாம் ஹென்றியின் முதல் ஆண்டு 1422 செப்டம்பர் 1-ல் தொடங்குகிறது.

3. இவை படங்கள். ஆகவே ‘ஃபைண்டு’ கட்டளை வேலை செய்யாது. சில பருவங்களுக்குத் தன்னார்வலர்கள் பெயர், தொழிலோடு அட்டவணை தயாரித்திருக்கிறார்கள். முதலில் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதியிருக்கும் கவுண்டி பெயரைப் பார்த்துக்கொண்டே போங்கள்.

4. மொழி லத்தீன், அதுவும் சுருக்கெழுத்து. பயப்படாதீர்கள், அதே வாசகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ‘டெபிட்டி’ என்றால் கடன். ‘ஏலியாஸ் டிக்டஸ்’ என்றால் ‘என்கிற’. இந்தச் சொல்லுக்குப் பின்னால் பழைய பதவியோ வேறு பெயரோ இருக்கலாம். மங்கலான படத்தை டவுன்லோடு செய்து இர்ஃபான்வியூவில் கான்ட்ராஸ்ட் கூட்டிப் பாருங்கள்.

5. ஆண்டு, பருவம், கவுண்டி, பெயர், தொழில், ஊர், படத்தின் எண் என்று எக்ஸெலில் குறியுங்கள். எண்ணைக் குறிக்காவிட்டால் மறுபடி கண்டுபிடிக்க நாள் கணக்காகும்.

அவசரம் வேண்டாம்

பெயர் ஒத்துப்போனால் மட்டும் இருவரை ஒருவராக்கிவிடாதீர்கள். தொழில், ஊர், காலம் மூன்றும் பொருந்த வேண்டும். அரசரின் நியமன ஆணைகள் அடங்கிய ‘பேட்டன்ட் ரோல்ஸ்’ தொகுப்புகளோடும் ஒப்பிடுங்கள். ஒருவர் இறந்தபின் அவர் உயிலை நிறைவேற்றுபவர்கள் மீது வழக்கு வந்திருந்தால், அதற்குள் அவர் இறந்துவிட்டார் என்பது உறுதி.

இன்னொன்று. பதிவேட்டில் இருப்பது குற்றச்சாட்டுதான், தீர்ப்பு அல்ல. பல வழக்குகள் தீர்ப்புவரை போனதே இல்லை. ‘கடன் கேட்டு வழக்கு வந்தது’ என்று எழுதலாம். ‘கடனை ஏமாற்றினார்’ என்று எழுதக்கூடாது. இணையத்தில் ஒருவர் தவறாக எழுதினால் நூறு பேர் காப்பி, பேஸ்ட் செய்வார்கள். 500 ஆண்டுகளுக்கு முன் இறந்தவர் வந்து மறுக்கப்போவதில்லை.

பட்டாடை உடுத்தி ஊர்வலத்தில் முன்னால் நடந்தவராகத்தான் புத்தகங்கள் ஹெரால்டைக் காட்டுகின்றன. பதிவேட்டிலோ அவர் ஊரும் கொடுக்கல் வாங்கலும் உள்ள மனிதர். ஒரு பருவம், ஒரு கவுண்டி, ஒரு மணி நேரம் என்று தொடங்கிப் பாருங்கள். கண் பழகியதும் வேகம் தானாக வரும்.