சூசன் பிற்: அசைவூட்டத் திரைப்படத்தில் ஒரு பெண்ணிலை நோக்கு

திரைப்படத்தை ஒரு கலைவடிவமாக ஏற்று ஆராயும் மரபு நம்மிடையே ஓரளவு வேரூன்றியுள்ளது. ஆயினும் அசைவூட்டத் திரைப்படம் பற்றிய நமது எண்ணம், சிறுவர்களுக்குரிய பொழுதுபோக்கு என்னும் எல்லையை இன்னும் கடக்கவில்லை. 'காட்டூன்' என்ற சொல்லைக் கேட்டதும் எலியும் வாத்தும் பூனையுமே நினைவுக்கு வருகின்றன. இந்நோக்கு இரண்டு உண்மைகளை மறைத்து விடுகின்றது. நடந்ததைப் பதிவு செய்யும் கமராவினால் எட்டமுடியாத அகவுலகைத் திரைக்குக் கொணரும் ஆற்றல் வரைந்த ஓவியத்துக்கு உண்டு என்பது ஒன்று. இக்கலை ஒரு பெருந்தொழிலாக வளர்ந்தபோது அதன் அடித்தளமாக அமைந்தது பெயர் குறிப்பிடப்படாத பெண்களின் கையுழைப்பு என்பது மற்றையது. இவ்விரு உண்மைகளும் சந்திக்கும் இடத்தில் வைத்து நோக்கத்தக்கவர், அமெரிக்க ஓவியரும் திரைப்படக் கலைஞருமான சூசன் பிற் (1943 – 2019). அவருடைய வாழ்வையும் ஆக்கங்களையும் அறிமுகஞ் செய்வதோடு, அவை எழுப்பும் ஓர் அடிப்படை வினாவை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உழைப்பும் ஆக்கவுரிமையும்

திரையில் ஒரு செக்கனுக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஓர் ஓவியத்தை இரு சட்டகங்களுக்குப் பயன்படுத்தும் சிக்கன முறையைக் கையாண்டாலும், ஒரு நிமிட அசைவுக்கு 720 ஓவியங்கள் வேண்டும். வர்த்தகப் படநிலையங்கள் இதற்கென ஒரு தொழிற்பிரிவினையை உருவாக்கின. அசைவைக் கற்பனை செய்து பென்சிலால் வரைபவர் ஒருவர். அக்கோடுகளை ஊடுகாட்டும் செலுலொயிட் தாளின் முன்புறத்தில் மையினால் படியெடுத்து, பின்புறத்தில் வண்ணந் தீட்டுபவர் வேறொருவர். முன்னையது ஆக்கமெனவும், பின்னையது வெறும் கைத்திறன் எனவும் கொள்ளப்பட்டது. வோல்ற் டிஸ்னி நிலையத்தின் மை, வண்ணப் பகுதியில் பணியாற்றியோர் பெரும்பாலும் பெண்களே. அசைவூட்டப் பயிற்சிக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு அந்நிலையம் 1938 இல் அனுப்பிய மறுமொழி இன்றும் கிடைக்கின்றது. ஆக்கப்பணிகள் யாவும் இளைஞர்களாலேயே செய்யப்படுகின்றன, பெண்களுக்கு அதில் இடமில்லை என்பதே அதன் சாரம். விதிவிலக்குகள் சில இருந்தன. ஆனால் விதி எதுவென்பதை அக்கடிதம் ஐயத்துக்கு இடமின்றிக் கூறிவிடுகின்றது.

இத்தொழிற்பிரிவினைக்கு வெளியே நின்ற பெண்களே அசைவூட்டத்தைத் தம் கலையாகக் கொள்ள முடிந்தது. நிழலுருக்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, 1926 இல் 'இளவரசர் அக்மத்தின் வீரச்செயல்கள்' என்ற முழுநீளப் படத்தை ஜேர்மனியில் உருவாக்கிய லொற்றே றைனிகர் இவர்களுள் முதன்மையானவர். பிரான்சில் பணிபுரிந்த அமெரிக்கரான கிளெயர் பார்க்கர், அலெக்சாண்டர் அலெக்சேயெவ்வுடன் இணைந்து ஊசித்திரை முறையை வளர்த்தெடுத்தார். அக்கருவிக்கான காப்புரிமை பார்க்கரின் பெயரிலேயே பதிவாகியிருந்தும், புகழ் பெரிதும் அவருடைய துணைவருக்கே சென்றது. சூசன் பிற் இப்பெண்களின் வழியில் வருபவர். ஆயின் அவர்கள் வெளிப்படையாகத் தொடாத ஒரு பொருளை, அதாவது பெண்ணின் உடலையும் வேட்கையையும் படைப்பாற்றலையும், அவர் தம் கலையின் நடுவிடத்தில் வைத்தார்.

ஓவியத்திலிருந்து திரைக்கு

பிற் 1943 இல் மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் நகரிற் பிறந்தார். மிச்சிகனிலுள்ள கிரான்புறூக் கலைக்கழகத்தில் ஓவியம் பயின்று 1965 இல் பட்டம் பெற்றார். திரைப்படக் கல்வி அவருக்கு முறையாகக் கிடைத்ததன்று. ஓவியத்தின் உருவங்கள் அசைந்தால் என்னவாகும் என்ற வினாவே அவரை 1960 களின் பிற்பகுதியில் எண்மில்லிமீற்றர்க் கமராவின் பால் ஈர்த்தது. படநிலையமொன்றின் ஒழுங்குக்குள் வளராது, ஓவியரின் தனியறையிலிருந்து திரைக்கு வந்தமையே அவருடைய பலமாயிற்று. கற்பனை செய்பவர் வேறு, வண்ணந் தீட்டுபவர் வேறு என்ற பிரிவினையை அவர் ஏற்கவேண்டியிருக்கவில்லை.

அவருடைய தொடக்ககாலப் படங்களுள் 'குறோக்கஸ்' (1971) குறிப்பிடத்தக்கது. குடும்பமொன்றின் படுக்கையறையே அதன் களம். கணவனும் மனைவியும் கூடும் வேளையில் அறையிலிருந்து பல்வேறு பொருள்கள் மிதந்து செல்கின்றன. வீட்டின் அன்றாடப் பொருளும் பாலுறவின் உணர்வும் ஒரே தளத்திற் கலக்கும் இப்பாங்கு பின்னர் அவருடைய தனி முத்திரையாயிற்று. 'ஜெபர்சன் சேர்க்கஸ் பாடல்கள்' (1973) என்ற படத்தில் உயிருள்ள சிறுவர்களையே பொம்மைகளைப் போலச் சட்டகஞ் சட்டகமாக இயக்கிக் காட்டினார்.

'அஸ்பராகஸ்'

பிற்றின் பெயரை நிலைநிறுத்திய ஆக்கம் 1979 இல் வெளிவந்த 'அஸ்பராகஸ்'. ஏறத்தாழ 18 நிமிடங்கள் ஓடும் இப்படத்தைச் செய்துமுடிக்க நான்கு ஆண்டுகள் சென்றன. அஸ்பராகஸ் என்பது மேலைநாட்டார் உண்ணும் ஒரு தண்டுக் காய்கறி. நம் நாட்டில் சாத்தாவாரி எனவும் தண்ணீர்விட்டான் எனவும் வழங்கும் மூலிகையும் இச்சாதியைச் சேர்ந்ததே. நிலத்தைப் பிளந்துகொண்டு கூரிய முளையாக மேலெழும் இத்தண்டு, வெட்டாமல் விடப்பட்டால், இறகு போன்ற மென்மையான செடியாக விரிந்து காற்றில் அசையும். ஆண்குறியை நினைவூட்டும் வடிவிலிருந்து, மரபு பெண்மைக்குரியதாகக் கருதும் வடிவுக்கு அது மாறுகின்றது. பாலியல்பு என்பது இருவேறு துருவங்களன்று, ஒன்று மற்றொன்றாக மாறிவளரும் ஆற்றல் என்பதற்கு இச்செடி பிற்றுக்குக் குறியீடாக வாய்த்தது.

படத்தில் உரையாடல் இல்லை. றிச்சாட் டைற்றல்போமின் மின்னியல் இசை உடன்வருகின்றது. முகங் காட்டாத ஒரு பெண் தன் வீட்டினுள் இருக்கின்றாள். மலங்கழிக்கும்போது அவளிடமிருந்து வெளிவருவன அஸ்பராகஸ் தண்டுகள். யன்னற் திரையை விலக்கினால், மிகப்பெரிய பூக்களும் செடிகளும் நிறைந்த தோட்டமொன்று கண்முன் நகர்ந்து செல்கின்றது. பின்னர் அவள் ஒரு முகமூடியை அணிந்து, கைப்பையொன்றை எடுத்துக்கொண்டு, இரவு நகரத்தின் கடைவீதிகளினூடே அரங்கொன்றை அடைகின்றாள். அங்கு மேடையின் பின்புறஞ் சென்று பையைத் திறந்துவிடுகின்றாள். அதனுள் அடைபட்டிருந்த வியத்தகு வடிவங்கள் யாவும் மிதந்து, சபையோரின் தலைகளுக்கு மேலே பறக்கின்றன. வீடு திரும்பிய பின்னர் அவள் முகமூடியைக் களைகின்றாள். அஸ்பராகஸ் தண்டு அவள் வாயில் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிமிக்க வடிவங்களாக மாறுவதோடு படம் முடிகின்றது.

இப்படத்தின் சில காட்சிகள் கூச்சத்தைத் தரலாம். ஆனால் அவை கிளர்ச்சியூட்டுவதற்காக அமைந்தவை அல்ல. லோரா மல்வி 1975 இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், வர்த்தகத் திரைப்படம் ஆணைப் பார்ப்பவனாகவும் பெண்ணைப் பார்க்கப்படும் பொருளாகவும் அமைக்கின்றது என வாதித்தார். 'அஸ்பராகஸ்' இவ்வமைப்பைத் தலைகீழாக்குகின்றது. பார்க்கப்படுவதற்குரிய முகத்தை அப்பெண் நமக்குத் தர மறுக்கின்றாள். வெளியுலகுக்குச் செல்லும்போது அவள் அணியும் முகமே ஒரு முகமூடி. பெண்மையெனச் சமூகம் எதிர்பார்ப்பது இத்தகைய ஒரு வேடமே என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கூறுதல் அரிது. நாம் காண்பது அவளை அன்று, அவள் காண்பதையே.

அரங்கக் காட்சியின் செய்முறையும் மனங்கொள்ளத்தக்கது. அப்பெண் தட்டையான ஓவியமாகவே வருகின்றாள். சபையோரோ களிமண்ணாற் செய்யப்பட்டு முப்பரிமாணத்தில் அமைந்த உருவங்கள். பருப்பொருளான உலகம் அசையாதிருந்து வியக்க, மெல்லிய கோடுகளாலான பெண் அதனை இயக்குகின்றாள். கலைஞருக்கும் சபைக்குமுள்ள உறவு பற்றிய கூற்றாகவும் இதனைக் கொள்ளலாம். அவள் அரங்கின் நடுவே நின்று கைதட்டலைப் பெறவில்லை. மேடையின் பின்னால் நின்று பையைத் திறந்துவிட்டுச் செல்கின்றாள். மையும் வண்ணமும் தீட்டிப் பெயரின்றி மறைந்த பெண்களின் நிலையை நாம் இங்கு நினைவுகூரலாம். ஆயின் இங்கே பையிலிருந்து வெளிவருவது அவளுடைய சொந்தக் கற்பனை. அவ்வேறுபாடே முக்கியமானது.

இப்படம் நியூயோர்க்கின் வேவர்லி அரங்கில் டேவிட் லிஞ்சின் 'இறேசர்ஹெட்' (1977) என்ற படத்தோடு சேர்த்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நள்ளிரவுக் காட்சிகளாகக் காட்டப்பட்டது. குறும் பரிசோதனைப் படமொன்று இவ்வளவு காலம் அரங்கில் ஓடுதல் அரிது.

அகவுலகும் சமூகவிமர்சனமும்

இங்கு ஒரு வினா எழுகின்றது. தனியொரு பெண்ணின் கனவுலகைச் சித்திரிக்கும் இத்தகைய கலை முற்போக்கானதா? சமூகத்தின் உழைப்பு உறவுகளையோ போராட்டங்களையோ பேசாத படம், மத்தியதர வர்க்க ஓவியர் ஒருவரின் உள்முகத் தேடலாக மட்டும் நின்றுவிடாதா?

இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் நேர்மையன்று. அதே காலப்பகுதியில் வேறொரு பாதையும் இருந்தது. இங்கிலாந்தில் 1978 இல் உருவான லீட்ஸ் அசைவூட்டப் பட்டறை என்னும் பெண்கள் கூட்டமைப்பு, பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களின் தேவையை வலியுறுத்தும் படத்தோடு தன் பணியைத் தொடங்கியது. வேலைத்தலப் பாதுகாப்பு, வீட்டினுள் வன்முறை முதலியனவும் பின்னர் அவ்வமைப்பின் பொருள்களாயின. தொழிற்சங்கக் கூட்டங்களிலும் வகுப்பறைகளிலும் காட்டி விவாதிப்பதற்கென்றே அத்தகைய படங்கள் ஆக்கப்பட்டன. அங்கு கூட்டுழைப்பு, தெளிவான செய்தி, உடனடிப் பயன் ஆகியன உண்டு. பிற்றிடம் இவை இல்லை.

ஆயின் இவ்விரண்டையும் எதிரெதிர் அணிகளாக வகுத்தல் பொருந்தாது. ஒரு பெண்ணுக்கு உரிமைகள் வேண்டுமெனக் கோரும் கலை, அப்பெண்ணுக்குத் தனக்கென ஓர் அகவுலகம் உண்டு என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டதாகின்றது. அவ்வகவுலகமோ, ஆண் கலைஞர்களின் கற்பனைக்கு மூலப்பொருளாகவே நெடுங்காலம் இருந்துவந்தது. மீயதார்த்தவாத ஓவியத்தில் பெண்ணுடல் எத்தனை முறை வெட்டப்பட்டும் பூவாக்கப்பட்டும் காட்சிக்கு வைக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். அக்குறியீடுகளையே எடுத்து, அவற்றைக் காணும் உரிமையைப் பெண்ணிடம் ஒப்படைத்தமை ஒரு சமூகச் செயலே. அன்றியும், பிறருடைய கோடுகளுக்கு வண்ணந் தீட்டுவதற்கெனப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த அதே செலுலொயிட் தாளை, ஒரு பெண் தன் சொந்த ஆக்கத்துக்கான கருவியாக்கிக் கொண்டார் என்பதும் உற்பத்தி முறை சார்ந்த உண்மையாகும். உள்ளடக்கத்தை மாத்திரம் நோக்கி உருவத்தையும் செய்முறையையும் புறக்கணிக்கும் விமர்சனம் இதனைக் காணத் தவறிவிடும்.

பிற்காலப் படைப்புகள்

'அஸ்பராகஸ்' வெளிவந்ததற்கும் அடுத்த பெரும்படமான 'ஜோய் வீதி' (1995) வெளிவந்ததற்கும் இடையே 16 ஆண்டுகள் கழிந்தன. இடைக்காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. ஓவியந் தீட்டினார், ஜேர்மனியில் 1983 இலும் 1988 இலும் இரண்டு இசைநாடகங்களின் மேடையேற்றத்துக்கு அசைவூட்டக் காட்சிகளை உருவாக்கினார். எனினும் இவ்விடைவெளி ஓர் உண்மையைக் கூறுகின்றது. கையால் வரையப்படும் படம் உழைப்பையும் காலத்தையும் விழுங்குவது. குறும்படத்துக்கோ வர்த்தகச் சந்தை இல்லை. நன்கொடைகளும் புலமைப்பரிசில்களும் கற்பித்தற் பணியுமே இத்தகைய கலைஞரைத் தாங்கி நின்றன.

'ஜோய் வீதி' வாழ்வில் நம்பிக்கையிழந்து தற்கொலையின் விளிம்பில் நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. அவளுடைய சாம்பற்கிண்ணத்தை அலங்கரிக்கும் சிறு பொம்மையொன்று இரவில் உயிர்பெற்று அவளை மீட்க முயல்கின்றது. 1930 களின் காட்டூன்களை நினைவூட்டும் குதூகல உருவம் அது. அவ்வுலகின் நகைச்சுவையும், துயரில் உறைந்த பெண்ணின் கனத்த வண்ணங்களும் ஒரே சட்டகத்தில் மோதுகின்றன. பின்னர் அவ்வுருவம் அவளைச் செழித்த காட்டினூடே இட்டுச் செல்ல, அவள் மீண்டும் விழிக்கின்றாள். பெண்களுக்கு ஆக்கவுரிமையை மறுத்த ஒரு மரபின் சின்னத்தையே பெண்ணின் மீட்சிக்குத் துணையாக்கியமை சுவையான முரண் எனலாம்.

'எல் டொக்டர்' (2006) மெக்சிக்கோவைக் களமாகக் கொண்டு ஸ்பானிய மொழியில் அமைந்தது. பாழடைந்த வைத்தியசாலையில் குடிப்பழக்கமுள்ள முதிய வைத்தியர் ஒருவரிடம் வருவோர் விசித்திரமானவர்கள். உடலெங்கும் குண்டுத் துளைகள் கொண்ட மனிதன், உடலில் பூக்கொடி முளைத்த சிறுமி, தன்னைக் குதிரையென எண்ணும் பெண் ஆகியோர் அவர்களுட் சிலர். அறிவியலால் தீர்க்கமுடியாத துயரின் முன் நிற்கும் மனிதரின் கதையாக அது விரிகின்றது. இறுதிக்காலப் படமான 'பின்போல்' (2013), ஜோர்ஜ் அந்தைலின் 'பலே மெக்கானிக்' இசைக்கு அமைந்த தூய வண்ண இயக்கமாகும்.

பிற் ஹாவாட் பல்கலைக்கழகத்திலும், பின்னர் பல்லாண்டுகள் கலிபோர்ணியக் கலை நிறுவனத்தின் பரிசோதனை அசைவூட்டத் துறையிலும் கற்பித்தார். 2019 இல் நியூ மெக்சிக்கோவில் காலமானார்.

முடிவுரை

பிற் முழக்கங்களை எழுதியவர் அல்லர். தம் படங்களுக்கு ஒற்றைப் பொருள் கூறுவதையும் விரும்பியவராகத் தோன்றவில்லை. ஆயினும், பெண் எதைக் கனவு காண்கின்றாள் என்பதை அவளே வரைந்து காட்டும் உரிமை, கல்வியுரிமையும் ஊதியவுரிமையும் போன்று போராடிப் பெறவேண்டிய ஒன்றே என்பதை அவருடைய நான்காண்டு உழைப்பில் உருவான 18 நிமிடப் படம் உணர்த்துகின்றது. பெண்ணிலைவாதக் கலை பற்றி நாம் விவாதிக்கும்போது, எப்பொருள் பேசப்பட்டது என்று கேட்பதோடு அமையாது, யாருடைய கை அதனை வரைந்தது, அக்கைக்கு உரியவரின் பெயர் எங்கே எழுதப்பட்டது என்றும் கேட்கப் பழகுதல் வேண்டும். அவ்வினாக்கள் அமெரிக்கப் படநிலையங்களுக்கு மாத்திரம் உரியவை அல்ல.