ஜப்பானின் 'ரியோகான்' விடுதியில் தங்கத் திட்டமா? முன்பதிவுக்கு முன் அறிய வேண்டியவை

புது தில்லி: ஜப்பானுக்குச் சுற்றுலா செல்லும் இந்தியர்களில் பலர், 'ரியோகான்' எனப்படும் அந்நாட்டின் பாரம்பரிய விடுதியில் ஓர் இரவேனும் தங்க விரும்புகின்றனர். ஆனால், வழக்கமான ஹோட்டலாக எண்ணி முன்பதிவு செய்தால் பணம் வீணாவதுடன், சைவ உணவு உண்போர் இரவில் பசியுடன் உறங்கவும் நேரிடலாம்.

ரியோகான் என்பது என்ன?

கோரையால் நெய்யப்பட்ட 'தத்தாமி' பாய் பரப்பிய அறை, இரவில் தரையில் விரிக்கப்படும் மெத்தை, பொதுக் குளியல் கூடம், பருவத்துக்கேற்ப மாறும் பலவகை விருந்து ஆகியவை இதன் அடையாளங்கள். யமனாஷி மாகாணத்தில் கி.பி. 705-இல் தொடங்கப்பட்டதாகக் கூறப்படும் நிஷியாமா ஒன்சென் கெய்உன்கான், உலகின் மிகப் பழைமையான ஹோட்டலாகக் கின்னஸ் சாதனைப் பதிவில் இடம்பெற்றுள்ளது.

கட்டணம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

பெரும்பாலும் அறைக்கு அல்ல, நபருக்கே கட்டணம். 20,000 யென் எனக் குறிப்பிடப்பட்டிருந்தால் இருவருக்கு 40,000 யென் ஆகும். இதில் பொதுவாக இரவு உணவும் காலை உணவும் அடங்கும். வெந்நீர் ஊற்றுப் பகுதிகளில் குளியல் வரி தனியாக வசூலிக்கப்படும். பணியாளர்களுக்கு 'டிப்ஸ்' வழங்கும் வழக்கம் பொதுவாக இல்லை.

நேரம் ஏன் முக்கியம்?

பிற்பகல் 3 மணியளவில் அறை வழங்கப்படும். மறுநாள் காலை 10 மணியளவில் காலி செய்ய வேண்டும். இரவு உணவு மாலை 6 முதல் 7 மணிக்குள் பரிமாறப்படும். தாமதமாக வந்தால் உணவு கிடைக்காமல் போகலாம். எனவே, ரியோகானில் தங்கும் நாளில் தொலைதூரப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது.

உதாரணமாக, டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து ஹகோனே-யுமோட்டோவுக்கு விரைவு ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். காலையில் புறப்பட்டால் ஆஷி ஏரியைக் கண்டுவிட்டு மாலை 4 மணிக்குள் விடுதியை அடையலாம். பெரிய பெட்டிகளை 'தக்யூபின்' சேவை மூலம் அடுத்த நகருக்கு முன்னதாகவே அனுப்பிவிடலாம்.

சைவ உணவு கிடைக்குமா?

இதுவே இந்தியப் பயணிகள் அதிகம் கவனிக்க வேண்டிய அம்சம். ஜப்பானியச் சமையலின் அடிப்படையான 'தாஷி' சாறு பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவல்களில் தயாரிக்கப்படுகிறது. காய்கறிக் குழம்பிலும் சூப்பிலும் அது கலந்திருக்கும். ஆகவே, 'இறைச்சி வேண்டாம்' என்பது மட்டும் போதாது. மீன் சாறும் கூடாது என்பதை முன்பதிவின்போதே எழுத்து மூலம் தெரிவித்து, பதிலைப் பெற வேண்டும். விடுதிக்கு வந்தபின் கேட்டால் மாற்று உணவு கிடைப்பது அரிது.

இதற்கு நல்ல மாற்று, வகயாமா மாகாணத்தின் கோயாசான் மலை. அங்குள்ள 50-க்கும் மேற்பட்ட புத்த கோயில்களில் தங்கும் வசதி உண்டு. அங்கு வழங்கப்படும் 'ஷோஜின் ரியோரி' உணவில் இறைச்சியும் மீனும் இல்லை. வெங்காயம், பூண்டும் மரபுப்படி தவிர்க்கப்படுகின்றன. எனினும், கிழங்கு வகைகள் இடம்பெறுவதால் சமணர்கள் முன்கூட்டியே விசாரிப்பது அவசியம்.

குளியல் விதிகள் யாவை?

பொதுக் குளியல் கூடத்தில் ஆடையின்றியே நீராட வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடங்கள் உண்டு. தொட்டியில் இறங்கும் முன் உடலைக் கழுவுவது கட்டாயம். கூச்சப்படுவோர் தனிக் குளியல் அறை உள்ள விடுதியைத் தேர்ந்தெடுக்கலாம். பச்சை குத்தியிருப்போரைச் சில விடுதிகள் அனுமதிப்பதில்லை.

எப்போது முன்பதிவு செய்வது?

செர்ரி மலரும் மார்ச் இறுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையும், இலைகள் நிறம் மாறும் நவம்பரிலும் அறைகள் விரைவில் நிரம்பிவிடும். உணவுப் பொருள்கள் முன்னதாகவே வாங்கப்படுவதால், கடைசி நேர ரத்துக்குப் பெருந்தொகை பிடித்தம் செய்யப்படலாம். எனவே, ரத்து விதிகளைப் படித்து ரியோகான் தேதியை முதலில் உறுதி செய்துகொண்டு, பிற இடங்களை அதற்கேற்பத் திட்டமிடுவது பயனளிக்கும்.