‘நாம்’ என்று பேசுபவர் யார்?
கிரீன் பே ரசிகர்களும் ஆள்பிடிக்கும் பருவமும்

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் சொல்லும் கால்பந்து இல்லை. காலுக்கு அதில் வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிராளியை இடித்துத் தள்ளி, நிலத்தைக் கஜம் கஜமாகப் பிடித்துக்கொண்டு போகிற ஆட்டம். செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஏழு மாதம் ஆட்டம் கிடையாது. பேச்சு மட்டும் நிற்பதில்லை. யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கழித்துவிடுவது, யாரைக் கொடுத்து யாரை வாங்குவது என்று மதுக்கடையிலும் வேலையிடத்துச் சாப்பாட்டு வேளையிலும் வானொலியிலும் ரசிகர்கள் பேசித் தீர்க்கிறார்கள்.

இந்தப் பேச்சில் வரும் ஒரே ஒரு சொல்லைப் பற்றியது இக்கட்டுரை. ‘நாம்’ என்பது அந்தச் சொல். ‘நமக்கு நல்ல தடுப்பாட்டக்காரன் ஒருத்தன் வேணும்.’ ‘அவனுக்கு இவ்வளவு கொட்டிக் கொடுத்தா நமக்குக் கட்டுப்படியாகாது.’ இப்படித்தான் அந்தப் பேச்சு போகிறது. சம்பளம் கொடுக்கப்போவது பேசுகிறவர் இல்லை. அவரே எங்கோ கூலிக்கு வேலை பார்ப்பவர். ஆனாலும் கூலி கொடுப்பவனின் வாயால் பேசுகிறார். இது எப்படி நேர்கிறது? ‘ஏமாளிகள், விளையாட்டுப் போதையில் கிடக்கிறார்கள்’ என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வது சுலபம். இடதுசாரி எழுத்தில் அப்படிச் சொன்னவர்கள் நிறைய. அது விளக்கமாகாது, வசவாகத்தான் ஆகும்.

1. சந்தையின் நாட்காட்டி

ஆட்டம் இல்லாத மாதங்களுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. பிப்ரவரிக் கடைசியில் இண்டியானாபொலிஸ் நகரத்துக்குக் கல்லூரி ஆட்டக்காரர்கள் முந்நூறு பேருக்கு மேல் வரவழைக்கப்படுகிறார்கள். உயரம், எடை, விரித்த கையின் அகலம் எல்லாம் அளக்கப்படும். 40 கஜம் ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள். 225 பவுண்டு எடையை எத்தனை முறை தூக்குகிறான் என்று எண்ணுவார்கள். மருத்துவர்கள் மூட்டு மூட்டாகத் திருகிப் பார்ப்பார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது நமக்குத் தெரியும். அங்கே தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். இங்கே துண்டும் கிடையாது, எல்லாம் தொலைக்காட்சியில் வெட்டவெளிச்சமாக நடக்கிறது. அளக்கப்படுகிறவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பர்கள். இந்த லீகின் 32 அணிகளில் எதற்கும் ஒரு கறுப்பர் பெரும்பங்கு உடைமையாளராக இருந்ததில்லை.

மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தவர்களுக்குச் சந்தை திறக்கும். ஏப்ரல் கடைசியில் ‘டிராஃப்ட்’. கல்லூரியிலிருந்து வருபவர்களை அணிகள் வரிசைப்படி, ஏழு சுற்றுகளில், பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். எடுத்த அணியோடு மட்டும்தான் அந்தப் பையன் சம்பளம் பேச முடியும். இடையிடையே ‘டிரேடு’. ஆளுக்கு ஆள் மாற்றுவார்கள், அல்லது ஆளைக் கொடுத்து அடுத்த டிராஃப்ட்டில் எடுக்கும் உரிமையை வாங்குவார்கள். ஒப்பந்தத்தில் தனியாக ஒரு விதி எழுதி வாங்கியிருந்தாலொழிய, மாற்றப்படுகிறவனின் சம்மதம் தேவையில்லை. ஆகஸ்ட் கடைசியில் 90 பேர் கொண்ட பட்டியல் 53 ஆகக் குறைக்கப்படும்.

ரசிகர்களின் சொற்களஞ்சியம் இந்த நாட்காட்டியிலிருந்து பிறந்ததுதான். அணியில் ‘ஓட்டை’ இருக்கிறது, அதை ‘அடைக்க’ வேண்டும். அவன் நல்ல ‘சொத்து’, ‘மதிப்பு’ இருக்கும்போதே தள்ளிவிடுவது புத்திசாலித்தனம். இவனுக்கு முப்பது வயதாகிவிட்டது, ‘தேய்மானம்’ அதிகம். இச்சொற்களில் உடம்பு இருக்கிறது, ஆள் இல்லை. உழைப்பு சரக்காகும்போது உழைக்கிறவன் கண்ணுக்குத் தெரியாமல் போகிறான் என்ற பழைய மார்க்சியப் பாடத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை. இந்த மொழி முதலாளியின் அறையில் உருவானது. அதைத் தெருவில் சரளமாகப் பேசுகிறவர்கள் ரசிகர்கள்.

2. பத்திரத்தில் எழுதப்பட்ட ‘நாம்’

விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே நகரத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். இவ்வளவு சின்ன ஊரில் இந்த லீகில் வேறு அணி கிடையாது. 1919இல் ஓர் இறைச்சி பதப்படுத்தும் கம்பெனி சீருடைக்குக் காசு கொடுத்ததால் அணிக்குப் ‘பேக்கர்ஸ்’ என்று பெயர் வந்தது. இறைச்சியைப் பக்குவம் செய்து அடைப்பவர்கள் என்று பொருள். 1923இல் பணமுடை வந்தபோது ஊர்க்காரர்களுக்குப் பங்கு விற்றுப் பிழைத்தது. பிறகு 1935, 1950, 1997, 2011, 2021 என மேலும் ஐந்து முறை பங்கு விற்பனை. இன்றைக்குப் பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். தனிமுதலாளி இல்லாத ஒரே அணி இதுதான்.

அப்படியானால் இங்கே ‘நாம்’ என்பது உண்மைதானே என்று கேட்கலாம். பங்கைப் பார்ப்போம். 2021இல் அதன் விலை 300 டாலர். லாப ஈவு கிடையாது. விலை ஏறாது. சந்தையில் விற்க முடியாது. குடும்பத்தாருக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆண்டுக்கூட்டத்துக்குப் போகலாம், நிர்வாகக் குழுவுக்கு வாக்களிக்கலாம். யாரை வாங்குவது, யாரை விற்பது என்பதில் ஒரு சொல்கூடச் சொல்ல முடியாது. அதாவது உடைமை என்ற உணர்ச்சி மட்டும் விற்கப்படுகிறது, அதிகாரம் விற்கப்படுவதில்லை. மற்ற 31 ஊர்களில் கற்பனையாக இருக்கும் ‘நாம்’ இங்கே சட்டம் போட்டு மாட்டப்பட்ட பத்திரமாகச் சுவரில் தொங்குகிறது. கருத்தியல் மனிதர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறது, அவர்கள் திரும்பிப் பார்க்கும்போது அதன் ஆட்களாகிவிடுகிறார்கள் என்றார் அல்தூசர். கிரீன் பேயில் அந்த அழைப்புக்கு ரசீதும் கொடுக்கிறார்கள்.

3. வாங்கியதும் வந்ததும்

டிராஃப்ட் 1936இல் தொடங்கியது. முதலில் பெயர் சொல்லி எடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். அவர் கேட்ட சம்பளம் கிடைக்கவில்லை. இந்த லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். ஆக, இந்த ஏற்பாட்டின் முதல் பெயரே ஒரு மறுப்பின் பெயர். 1960களிலிருந்து, ஒப்பந்தம் முடிந்தவன் வேறு அணிக்குப் போனால் பழைய அணிக்குப் புதிய அணி ஈடு கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஈடு கொடுத்து யார் கூப்பிடுவார்கள்? 1976இல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பெயர் மாறி வேறு தடைகள் வந்தன. 1987இல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உடைமையாளர்கள் மாற்றாட்களை இறக்கி ஆட்டத்தை நடத்தினார்கள். 24 நாளில் சங்கம் வெறுங்கையோடு திரும்பியது. ஆனால் களத்தில் தோற்றதை நீதிமன்றத்தில் பிடித்தது. 1992இல் மினியாபொலிஸ் நகரத்து ஜூரிகள் அந்தக் கட்டுப்பாடுகளைச் சட்டவிரோதம் என்றார்கள். அடுத்து ரெஜி வைட் என்ற வீரரின் பெயரில் தொடரப்பட்ட வழக்கு 1993இல் சமரசத்தில் முடிந்தது. ஒப்பந்தக் காலத்தை முடித்தவன் தனக்குப் பிடித்த இடத்துக்குப் போகலாம் என்ற உரிமை அப்படித்தான் வந்தது.

இனி கிரீன் பேக்கு வருவோம். அந்த ஊர் ரசிகர்கள் இன்றும் கொண்டாடும் ஆள்பிடிப்புகள் இரண்டு. 1992 பிப்ரவரியில் அட்லாண்டாவிடமிருந்து பிரெட் ஃபாவ்ர் வந்தது ஒன்று. 1993 ஏப்ரலில் நான்கு ஆண்டுக்கு 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு ரெஜி வைட் வந்தது இன்னொன்று. இருவரும் இருந்த அணிதான் 1997 ஜனவரியில் பட்டம் வென்றது. ஃபாவ்ர் மாற்றப்பட்டவர். டிராஃப்ட்டின் முதல் சுற்று உரிமை ஒன்றுக்கு ஈடாக அவரைக் கொடுத்தார்கள். வைட் பல ஊர்களைப் போய்ப் பார்த்துவிட்டுத் தானே இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தவர். வழக்குப் போட்டு வாங்கிய உரிமையோடு வந்தவர். ரசிகரின் பேச்சில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்தான்: ‘நாம பிடிச்சோம்.’ ஒரு தொழிற்சங்க வெற்றி, நிர்வாகத்தின் சாமர்த்தியமாக இலக்கணத்துக்குள்ளேயே மாற்றி எழுதப்பட்டுவிடுகிறது.

4. உழைப்பவனுக்கு உச்சவரம்பு

1993 சமரசத்துக்கு ஒரு விலை இருந்தது. சம்பள உச்சவரம்பு. ஓர் அணி ஓர் ஆண்டில் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்ற விதி. 1994இல் அது 3 கோடியே 46 லட்சம் டாலர். 2025இல் 27 கோடியே 92 லட்சம். உச்சவரம்பு என்றதும் நமக்கு நிலம்தான் நினைவுக்கு வரும். உடைமையாளனைக் கட்டுப்படுத்த எழுந்த சொல் அது. அங்கே வரம்பு கூலிக்குத்தான், லாபத்துக்கு இல்லை. குறைந்தபட்சம் இவ்வளவு செலவழிக்க வேண்டும் என்று ஒரு விதியும் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ரசிகர்களின் பேச்சை மாற்றிப்போட்டது இந்த வரம்புதான் என்பது என் கருத்து. வரம்பு இல்லையென்றால், ஒரு வீரன் அதிகம் கேட்கும்போது அது அவனுக்கும் முதலாளிக்கும் உள்ள வழக்கு. வரம்பு வந்தபிறகு அது அவனுக்கும் சக வீரனுக்கும் உள்ள வழக்காகிவிடுகிறது. ‘இவனுக்கு இவ்வளவு கொடுத்தா அந்த ரெண்டு பேரை வெட்டணும்.’ ரசிகர் இதைக் கணக்காகச் சொல்கிறார். கணக்கும் சரிதான். கணக்குக்குள் நுழைந்தபிறகு, இந்தப் பற்றாக்குறையை யார் உண்டாக்கினார்கள் என்ற கேள்விக்கு இடமில்லை. மேலாண்மை பொதுப்புத்தியாக உறைகிறது என்று கிராம்சி சொன்னது இப்படிப்பட்ட இடத்தில்தான் விளங்குகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. கூட்டல் கழித்தல்தான் நடக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்கைச் சரிபார்க்க வாய்ப்புள்ள ரசிகர்கள் கிரீன் பேக்காரர்கள்தான். பங்குதாரர்கள் இருப்பதால் வரவுசெலவை ஆண்டுதோறும் வெளியிட வேண்டிய அணி அது ஒன்றுதான். 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில், தொலைக்காட்சி முதலான பொது வருவாயிலிருந்து மட்டும் அதற்குக் கிடைத்த பங்கு 43 கோடி டாலருக்கு மேல். அந்தப் பருவத்துச் சம்பள வரம்பு 25 கோடியே 54 லட்சம். வீரர்களின் ஓய்வூதியம், மருத்துவம் போன்றவை தனிக் கணக்கு. மொத்த வருவாயில் வீரர்களுக்குப் போவது பாதிக்குச் சற்றுக் குறைவு. உள்ளூர் வருமானம் இதற்கு மேலே. ‘நமக்குக் கட்டுப்படியாகாது’ என்று சொல்வதற்கு முன் புரட்ட வேண்டிய பக்கம் இதுதான்.

2025 ஆகஸ்ட் 28இல் நடந்ததைப் பாருங்கள். டாலஸ் அணியோடு சம்பளத் தகராறில் இருந்த மைக்கா பார்சன்ஸ் கிரீன் பேக்கு வந்தார். 4 ஆண்டுக்கு 18 கோடியே 80 லட்சம் டாலர். பதிலுக்கு இரண்டு முதல் சுற்று உரிமைகளும் கென்னி கிளார்க் என்ற தடுப்பாட்டக்காரரும் போனார்கள். கிளார்க்கை 2016 டிராஃப்ட்டில் எடுத்தது இதே அணி. ஒன்பது பருவம் இங்கேயே ஆடினார். 2024இல்தான் ஒப்பந்தத்தை நீட்டித்திருந்தார். வரவுசெலவுக் கணக்கில் அவர் ‘இரண்டு உரிமையும் ஓர் ஆளும்’ என்பதிலுள்ள அந்த ‘ஓர் ஆள்’. பார்சன்ஸாவது மாற்றம் கேட்டிருந்தார். கிளார்க் கேட்கவில்லை.

5. ‘கோடீஸ்வரனுக்கு அழச் சொல்கிறீர்களா?’

நியாயமான கேள்விதான். பார்சன்ஸின் சம்பளத்துக்காக யாரும் கண்ணீர் விட வேண்டாம். பட்டியலில் இருக்கும் பெரும்பாலோர் பார்சன்ஸ் இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். சராசரி ஆட்டக்காரனின் தொழில் ஆயுள் மூன்று, நான்கு ஆண்டுதான் என்று வீரர் சங்கம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. ஆகஸ்டில் கழிக்கப்படும் 37 பேரின் பெயரை யாரும் நினைவில் வைப்பதில்லை. என் அக்கறை அவர்களைப் பற்றியது மட்டுமல்ல. ஏழு மாதம் முதலாளியின் மொழியைப் பயிற்சி செய்யும் நாக்கு, தன் சொந்த வேலையிடத்தில் எந்த மொழியில் பேசும்?

இதற்கும் விஸ்கான்சினில் ஒரு சம்பவம் இருக்கிறது. 2011 பிப்ரவரி 6இல் பேக்கர்ஸ் பட்டம் வென்றது. ஐந்து நாளில் ஆளுநர் ஸ்காட் வாக்கர், அரசு ஊழியர்களின் கூட்டுப்பேர உரிமையை ஏறக்குறைய முழுதாகப் பறிக்கும் மசோதாவை அறிவித்தார். ஆசிரியர்களும் ஊழியர்களும் மாடிசன் நகரத்துச் சட்டமன்றக் கட்டடத்தில் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். அணித்தலைவர்களில் ஒருவரும் வீரர் சங்கப் பிரதிநிதியுமான சார்ல்ஸ் வுட்சன் ஊழியர்களை ஆதரித்து அறிக்கை விட்டார். அவரும் 2006இல், வைட் போலவே, ஒப்பந்தம் முடிந்தவர்களின் சந்தை வழியாக இந்த ஊருக்கு வந்தவர். மார்ச் 11இல் வாக்கர் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு மறுநாள் லீகின் உடைமையாளர்கள் வீரர்களைக் கதவடைப்புச் செய்தார்கள். ஜூலை 25 வரை அது நீடித்தது. அந்த ஆண்டு அதுவரைக்கும் ஆள்பிடிக்கும் பருவமே தொடங்கவில்லை. ஓர் ஆட்டக்காரனையும் வாங்கவோ மாற்றவோ முடியவில்லை. டிராஃப்ட் மட்டும் நடந்தது. பேச வேண்டிய விஷயமாகச் சங்கமும் ஒப்பந்தமும் வருவாய்ப் பங்கீடும் மட்டுமே மிச்சமிருந்தன.

அடுத்த ஆண்டு நடுவர்களைக் கதவடைத்தார்கள். 2012 செப்டம்பர் 24இல் மாற்று நடுவர்களின் கண்கூடான தவறால் கிரீன் பே கடைசி விநாடியில் தோற்றது. உண்மையான நடுவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று குரல் கொடுத்தவர்களில் ஸ்காட் வாக்கரும் ஒருவர்! அவர் கேட்டது சங்கத்து நடுவர்களைத்தான். இரண்டு நாளில் சமரசம் ஏற்பட்டது.

பொதுப்புத்திக்குள்ளேயே நல்லபுத்தியின் விதையும் கிடக்கிறது என்று கிராம்சி சொன்னது வெறும் ஆறுதல் இல்லை. இந்த ரசிகர்களின் ஞானம் சாதாரணமானதல்ல. 53 பேரின் சம்பளத்தையும் ஒப்பந்தம் முடியும் ஆண்டையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள். ஒரு தொழிலின் கூலிக்கணக்கை இவ்வளவு நுணுக்கமாக அறிந்த பொதுமக்கள் வேறு எந்தத் தொழிலுக்கும் இல்லை. அந்த அறிவு எந்த இடத்தில் நின்று பேசுகிறது என்பதுதான் பிரச்சினை.

2020 மார்ச்சில் புதிய கூட்டு ஒப்பந்தம் வீரர்களின் வாக்கெடுப்புக்கு வந்தது. 16 ஆக இருந்த ஆட்டங்களை 17 ஆக உயர்த்த உடைமையாளர்களுக்கு அது வழி திறந்தது. மூட்டுகளுக்கும் மூளைக்கும் ஆண்டுக்கு ஓர் ஆட்டம் கூடுதல். ஆதரவு 1,019, எதிர்ப்பு 959. அறுபது வாக்கு வித்தியாசம். 2021இலிருந்து 17 ஆட்டம் நடக்கிறது. அந்த ஒப்பந்தம் 2030 பருவம் வரைக்கும் செல்லும். அதற்குப் பிறகு மறுபடி பேச்சு வரும். அப்போதும் கிரீன் பே மதுக்கடைகளில் ‘நமக்கு என்ன தேவை’ என்று விவாதம் நடக்கும். அந்த ‘நமக்கு’ என்பதில் கிளார்க் இருப்பாரா, அல்லது அவரை அனுப்பியவர்கள் மட்டும் இருப்பார்களா என்பதைப் பேசுகிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.